காலாள் பெயர் பெற்ற வரலாறு

விளையாட்டென்பது சிறுவர்க்கே உரியதென்றும், வரலாற்றாராய்ச்சிக்கு அது பொருளாகாதென்றும் கருதுவோர் பலர். ஆயினும், ஒரு காலத்து மக்கள் போரை எவ்வாறு நோக்கினர், போரில் மடிவோனை எவ்வாறு மதித்தனர் என்பவற்றை அரசாணைகளினும் அவர்தம் விளையாட்டுக்கள் சில வேளைகளில் தெளிவாகக் காட்டும். இன்று உலகெங்கும் இளைஞரும் முதியோரும் திரையிலே ஆடும் தந்திரோபாய விளையாட்டுக்கள் இதற்குத் தக்க சான்றாவன. கட்டங்களாகப் பகுக்கப்பட்ட களத்திலே, வாள்வீரர், வில்லாளர், மந்திரவாதியர் முதலியோரைக் கொண்ட சிறு படையொன்றை முறைக்கு முறை நகர்த்தி மாற்றாரை வெல்ல முயல்வதே இவற்றின் இயல்பாகும். கற்பனை நாடும் கற்பனைப் போருமே இவற்றின் பொருளாயினும், இவற்றின் கால்வழி பழமையானது. அக்கால்வழியை ஆராய்வோர்க்கு ஓருண்மை புலப்படும். பெயரற்ற காயொன்று பல நூற்றாண்டுகளில் படிப்படியாகப் பெயரும், உருவும், வாழ்வும், இறுதியாக இறப்பும் பெற்றது என்பதே அது.

கி. பி. ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் வழங்கிய சதுரங்கமே இக்குடியின் மூதாதை எனலாம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் பெயரது அவ்விளையாட்டு. பாரசீகர்க்கும், அவர் வழியாக அராபியர்க்கும், பின்னர் ஐரோப்பியர்க்கும் அது சென்றது. அதன்கண் காலாட்களே எண்ணிக்கையில் மிக்கவர். மதிப்பிற் குறைந்தவரும் அவரே. அரசன் ஒருவனின் நிலையே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும். வெட்டுண்ட காலாள் பலகையின் ஓரத்தே வைக்கப்படுவான். அடுத்த ஆட்டத்தில் தன் பழைய கட்டத்திலே மீண்டும் நிற்பான். அவனுக்கு இறப்பில்லை, ஏனெனில், அவனுக்கு வாழ்வும் இருந்ததில்லை. எதிர்க்கரையைச் சென்றடையும் காலாள் உயர்வு பெறுவான் என்பது உண்மையே. ஆயின், உயர்வு பெற்ற அக்கணமே அவன் காலாளாக இருத்தல் ஒழிகின்றது.

சதுரங்கத்தைப் போர்க்கலை பயிற்றும் கருவியாக்க முயன்றவருள் ஜேர்மனியர் முதன்மையானவர். பிரன்ஸ்விக் நகரைச் சேர்ந்த கணித அறிஞரான ஹெல்விக் என்பார் 1780இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். சதுரங்கத்தின் 64 கட்டங்களுக்கு மாறாக அவரது பலகையில் 1,617 கட்டங்கள் இருந்தன. மலையும் சதுப்பும் நீரும் கட்டங்களின் நிறத்தால் உணர்த்தப்பட்டன. நிலத்தின் தன்மை படையின் நடையை மாற்றும் என்னும் கருத்து இவ்வாறு பலகையில் இடம்பெற்றது. மேட்டில் நிற்கும் வில்லாளனுக்கு இன்றைய திரை விளையாட்டுக்கள் அளிக்கும் நலம் இவ்வித்தினின்று முளைத்ததேயாம்.

பின்னர், பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பார் தாம் அமைத்த போர் விளையாட்டை 1812இல் அரசன் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்குக் காட்டினார். பீரங்கிப் படையில் அலுவலராயிருந்த அவர் மைந்தர் அதனைத் திருத்தி 1824இல் நூலாக வெளியிட்டார். இதிலே கட்டங்கள் நீங்கின. 8,000இல் ஒரு பங்கு அளவினதான நிலப்படம் அவற்றின் இடத்தைப் பெற்றது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போரைக் குறித்தது. பகடை போரின் தற்செயலைக் காட்டியது. நடுவர் ஒருவர் இரு சாராரின் ஆணைகளையும் பெற்று முடிவு கூறினார். படைத்தலைமை அதிகாரியாகிய மூஃப்லிங் இவ்விளையாட்டைக் கண்டு வியந்து, படைகளிடையே பரவச் செய்தார். 1870–71ஆம் ஆண்டுகளிற் பிரஷ்யா பிரான்சை வென்றபின், ஏனைய நாட்டுப் படைகளும் இப்பயிற்சியை நாடின.

ரைஸ்விட்ஸின் விதிகளில் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. சதுரங்கக் காய் ஒரே அடியில் வெட்டுண்டு போகும். இங்கோ, ஒரு படைப்பகுதி அடுத்தடுத்த தாக்குதல்களாற் சிறிது சிறிதாகத் தேயும். அத்தேய்வு தாளிலே குறிக்கப்படும். இன்று திரையில் ஒவ்வொரு வீரன் பக்கத்திலும் தோன்றும் உயிர்ப்புள்ளிகளுக்கு இக்கணக்கு முன்னோடி எனலாம். ஆயினும், அத்தாளிற் குறிக்கப்பட்டது தொகையே, ஆளல்லன். எத்தனை பேர் வீழ்ந்தனர் என்பதைத் தளபதி அறிந்தான். யார் வீழ்ந்தனர் என்பதை அறியும் தேவை அவனுக்கு இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இவ்விளையாட்டு பாசறையை விட்டு வீட்டினுள் புகுந்தது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறு நூலை 1913இல் வெளியிட்டார். பொம்மை வீரரையும், மரக்குண்டு எறியும் சிறு பீரங்கிகளையும் கொண்டு தரையில் ஆடும் முறை அதிற் கூறப்பட்டது. உண்மைப் போரின் பேரழிவைக் கண்டித்து, அதனினும் இச்சிறுபோர் எத்துணையோ மேலானது என வாதித்து அவர் அந்நூலை முடித்தார். மறு ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. பொம்மை வீரர் மீண்டும் பெட்டிக்குத் திரும்பினர். களம் சென்ற இளைஞருள் இலட்சக் கணக்கானோர் திரும்பவில்லை.

காலாளுக்கு முதன்முதற் பெயர் கிடைத்தது அமெரிக்காவிலாகும். தொட்டென் என்னும் படை அலுவலர் 1880இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டெகோஸ்’ என்னும் போர்ப்பயிற்சி நூலை மினசோட்டா மாநிலத்து டேவிட் வெஸ்லி என்பார் கண்டெடுத்தார். நடுவருக்குப் பேரதிகாரம் அளிக்கும் அந்நூலின் வழிநின்று, 1969இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் ஆட்டத்தை அவர் நடத்தினார். அதிலே ஆடுவோர் படைகளை மட்டும் நடத்தவில்லை. ஊர்த்தலைவர் முதலிய தனி மனிதராகவும் நின்றனர். அவ்வாட்டத்திற் பங்குகொண்ட டேவ் ஆர்னெசன், அம்முறையைக் கற்பனை நாடொன்றுக்கு மாற்றி ‘பிளாக்மூர்’ என்னும் ஆட்டத்தைத் தோற்றுவித்தார்.

அதே காலத்தில், விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரி நகரில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்னும் இருவர் ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போர் விளையாட்டை 1971இல் வெளியிட்டனர். அதன் பெரும்போர் விதிகளில் ஓர் உருவம் இருபது வீரரைக் குறித்தது. தனியாட் போர் விதிகளிலோ ஓர் உருவம் ஒரு மனிதனையே குறித்தது. இருபது என்பது ஒன்றாகிய இவ்விடமே வரலாற்றின் திருப்பம் எனலாம். நூலின் பிற்சேர்க்கை வாயிலாக மந்திரவாதியரும் பறவைநாகங்களும் களம் புகுந்தனர். கைகாக்ஸும் ஆர்னெசனும் கூடி 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலில் 1,000 படிகளே அச்சாயிற்று. அதனை ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனுக்குப் பெயரிட்டனர். அவன் ஆற்றலைப் பகடையால் அளந்தனர். அனுபவத்தால் அவனை வளர்த்தனர். பலகையின் ஓரத்தே கிடந்த காலாளுக்குத் தன் கதை கிடைத்தது.

நடுவரின் இடத்தைக் கணினி ஏற்றது அடுத்த படியாகும். ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ என்பன 1981இல் அமெரிக்காவில் வெளிவந்தன. அவற்றால் ஈர்க்கப்பட்ட யூஜி ஹோரி என்பார் 1986இல் யப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டை ஆக்கி, அந்நாட்டு மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தார். இவை ஒரு சிலரின் பயணத்தைக் கூறுவன. படை நடத்தும் கலை இவற்றின் நோக்கமன்று. மறுபுறத்தே, இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 1988இல் ஆக்கிய ‘ஃபமிகொம் வார்ஸ்’ படை நடத்துதலையே பொருளாகக் கொண்டது. ஆனால் அதன் படைகள் தொழிற்சாலையில் உற்பத்தியாவன. ஒன்று அழியின் பொருள் கொடுத்து மற்றொன்றைப் பெறலாம்.

இவ்விரு மரபுகளும் ஒன்றாய்க் கலந்தது 1990இலாகும். அதே நிறுவனத்தில் ஷோஸோ காகா என்பார் அமைத்த ‘ஃபயர் எம்பிளம்’ என்னும் விளையாட்டிலே, நாடிழந்த இளவரசன் மார்த் சிறு படையோடு போரிடுகின்றான். அப்படையில் ஒவ்வொருவருக்கும் பெயருண்டு, முகமுண்டு, தனித்திறனுண்டு. களத்தில் ஒருவர் வீழ்ந்தால், பொதுவாக அவர் பின்வரும் அதிகாரங்களில் தோன்றமாட்டார். அவரிடத்தை நிரப்பப் பொருளுங் கிடையாது, தொழிற்சாலையுங் கிடையாது. கூட்டத்தில் ஒருவரைப் பலியிட்டு வெற்றி பெறுதல் சதுரங்க வல்லோன் போற்றும் உத்தி. இவ்விளையாட்டிலோ அவ்வெற்றி ஆடுவோனின் மனத்தை உறுத்துவது. போர்த்தந்திரத்தின் விதிகள் மாறவில்லை. காயின் விலையே மாறியது.

யசுமி மட்சுனோ என்பார் இம்மரபை மேலும் ஆழப்படுத்தினார். யூகோசுலாவிய நாட்டின் சிதைவும் அங்கு மூண்ட இனப்போரும் அவர் சிந்தையைப் பாதித்தன. அதன் விளைவாக 1995இல் ‘டாக்டிக்ஸ் ஓகர்’ வெளிவந்தது. வலேரியா என்னும் கற்பனைத் தீவில் மூவினத்தார் ஆட்சிக்காகப் பொருதுகின்றனர். சிறுபான்மை இனத்து இளைஞனாகிய டெனாமுக்குத் தன் தலைவனிடமிருந்தே ஓர் ஆணை வருகின்றது. தன்னினத்தார் வாழும் ஊரொன்றை அழித்து, அப்பழியைப் பகைவர்மேற் சுமத்தி, மக்களைக் கிளர்ந்தெழச் செய்யவேண்டும் என்பதே அவ்வாணை. உடன்படலாம், மறுக்கலாம். மறுத்தாலும் அவ்வூர் அழிகின்றது. பழி மறுத்தவன் தலையில் விழுகின்றது. தலைவன் தன் மக்களையே காய்களாக நகர்த்துவதை இங்குக் காய் தன் கண்ணாற் காண்கின்றது. விளையாட்டின் பழைய இலக்கணத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காட்சி இது.

அவரே 1997இல் ஆக்கிய ‘ஃபைனல் ஃபான்டஸி டாக்டிக்ஸ்’ இம்மரபின் சிகரமெனப் பலராலும் போற்றப்படுவது. இங்கிலாந்தின் ரோசாப்பூப் போர்களை நினைவூட்டும் வகையில், இவாலிஸ் என்னும் நாட்டில் அரியணைக்காக இரு பெருங்குடியினர் பொருதுகின்றனர். களத்தில் வீழ்ந்த வீரனின் தலைமேல் மூன்று என்னும் எண் தோன்றும். அவன் முறை வருந்தோறும் அது குறையும். அவ்வெண் அற்றுப்போகுமுன் தோழர் உயிர்ப்பிக்காவிடின், அவன் பளிங்காகவோ பேழையாகவோ மாறி, என்றென்றைக்கும் மறைவான். பளிங்கை எடுக்கும் தோழன், மடிந்தவன் கற்ற வித்தைகளைத் தான் பெறவும் கூடும். இறப்பின் வன்மையும் இறந்தோரின் எச்சமும் ஒரே விதியினுள் அடங்கியிருத்தல் வியத்தற்குரியது.

அக்கதை வரலாறு பயில்வோர்க்குப் பிறிதொரு பாடமும் புகட்டும். நாட்டைக் காத்த ராம்சா சமயத்துரோகி என முத்திரை குத்தப்பட்டு ஏடுகளினின்று நீக்கப்படுகின்றான். சூழ்ச்சியால் உயர்ந்த டெலிட்டா மன்னனாகப் புகழப்படுகின்றான். உண்மையை எழுதிய ஓரன் துராய் எரியூட்டப்படுகின்றான். நான்கு நூற்றாண்டுகள் கழிந்தபின், அவன் வழித்தோன்றலான வரலாற்றாசிரியன் அவ்வேட்டை வெளியிடுகின்றான். ஒருவனது உடலை வீழ்த்துவது ஒரு சாவு. பெயரை அழிப்பது மற்றொரு சாவு என்பது இக்கதையின் உட்பொருள்.

பிற்காலத்தே இவ்விதிகள் தளர்ந்தன. 2010இல் வெளிவந்த ‘ஃபயர் எம்பிளம்’ வரிசை நூதனப் பதிப்பொன்றில், வீழ்ந்தோர் போர் முடிந்ததும் மீளும் எளிய முறையொன்று சேர்க்கப்பட்டது. 2017, 2019ஆம் ஆண்டுகளின் விளையாட்டுக்களிற் காலத்தையே பின்னோக்கித் திருப்பும் வசதியும் அமைந்தது. காலாள் மீண்டும் சாவற்றவனாய், ஆகவே மதிப்பற்றவனாய்ப் போனான் என்று வருந்துவோர் உளர். அவ்வாறு கொள்ளுதல் முழுதும் பொருந்தாது. இறப்பு மீளாததாயிருந்த நாளிலும் ஆடுவோர் பலர், ஒரு தோழன் வீழ்ந்தால் வெல்லும் நிலையிலிருந்த ஆட்டத்தையும் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கினர். காலாளொருவன் வெட்டுண்டானென்று வெல்லுகின்ற சதுரங்கத்தைக் கலைத்தவர் எவருமிலர். பெயர் பெற்றவனை இழக்க மனம் இசையாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் ‘ஃபைனல் ஃபான்டஸி டாக்டிக்ஸ்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. அம்முயற்சியில் இறங்கியோர்க்கு முதலாக்கத்தின் மூல நிரல் கிடைக்கவில்லை, அது பேணப்பட்டிருக்கவில்லை. எஞ்சியிருந்த விளையாட்டையே மீண்டும் மீண்டும் ஆராய்ந்து அவர்கள் அதனை மறுபடியும் கட்டியெழுப்பினர். மறைக்கப்பட்ட ஏட்டை மீட்ட கதையைக் கூறிய விளையாட்டுக்கும் அதே விதி நேர்ந்தமை ஊழின் நகை போலும்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் பலகை மாறியது, பகடை வந்தது, நடுவர் வந்தார், பின்னர்க் கணினி வந்தது. இவையனைத்தினும் பெரிய மாற்றம் காலாளின் முகத்தை ஆடுவோன் நோக்கத் தொடங்கியமையே. திரையிலே காலத்தைத் திருப்பலாம். களத்திலே அது இயலாது. அதனை அறிந்தோர், வீழ்ந்தோரின் தொகையைக் கேட்குமுன் அவர்தம் பெயரைக் கேட்பாராக.