குரூன்ஃபெல்டுக்கு முன்னால் ஒரு பானர்ஜி

1922இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட், பின்னாளில் உலக சாம்பியனான அலெகினைக் கறுப்புக் காய்களில் ஜெயித்தார். அவர் ஆடிய ஓப்பனிங்குக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: குரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். யோசனை இதுதான். நடுக்கட்டங்களை வெள்ளை பிடித்துக்கொள்ளட்டும். கறுப்பு தன் மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் வைத்து, தூரத்திலிருந்தே அந்த நடுவை உடைக்கும்.

இதே வரிசை 1855லேயே கல்கத்தாவில் ஆடப்பட்டிருக்கு. வெள்ளை, அங்கே பாரிஸ்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கோக்ரேன். கறுப்பு, மகேஷ் சந்திர பானர்ஜி. இருவரும் பல நூறு ஆட்டங்கள் மோதியவர்கள். அந்த ஆட்டத்தில் பானர்ஜி மூன்றாவது நகர்த்தலிலேயே ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுவைத் தாக்குகிறார். அப்புறம் மந்திரி, கேஸ்லிங், குதிரை மாற்றம், இன்னொரு சிப்பாய் அடி. இன்றைய ஓப்பனிங் புத்தகத்தைத் திறந்தால் இதே திட்டம்தான்.

ஆட்டத்தில் அவர் தோற்றார். பதினெட்டாவது நகர்த்தலில் கோக்ரேனின் ராணியைக் குதிரையால் மிரட்டினார். தன் ராஜாவைக் கவனிக்கவில்லை. அதற்குமேல் மூன்றே நகர்த்தல்தான். இரட்டைச் செக், ராணி பலி, குதிரையால் மேட்.

பானர்ஜி ஏன் அப்படி ஆடினார்? நம்ம ஊர்ப் பழைய விதிப்படி சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். அதில் வளர்ந்த கை, ஓரச் சிப்பாயை மெல்ல நகர்த்தி மந்திரியை வெளியே கொண்டுவரும் என்பார்கள். பாதி சரி. ஆனா அந்தப் பழக்கத்தில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள முடியாது, ஐரோப்பிய முறையில் கேஸ்லிங்கும் செய்ய முடியாது. ரெண்டையும் அவர் இந்த ஆட்டத்தில் செய்கிறார். பழைய பழக்கத்தோடு புது விதியையும் சேர்த்து யோசித்த ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது. வெறும் பழக்கதோஷம்னு ஒதுக்கிவிட முடியாது.

‘இந்தியன் டிஃபென்ஸ்’ என்ற சொல் 1884இல் அச்சில் வருகிறது. காரணம், கோக்ரேனுக்கு எதிரே பானர்ஜி ஆடிய ஆட்டங்கள். பிறகு அதன் கிளைகளுக்கு நிம்சோவிச், போகோல்யூபோவ், குரூன்ஃபெல்ட் என்று ஆளாளுக்குப் பெயர் கிடைத்தது. முதலில் ஆடிக்காட்டியவருக்கு மட்டும் ஊர்ப்பெயர்தான் மிஞ்சியது. அடுத்த முறை வர்ணனையில் ‘கிங்ஸ் இந்தியன்’ என்று கேட்டால், அந்த ‘இந்தியன்’ யார்னு பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லிவையுங்க.