42 வயசு மன்னரும் நாலு தந்தியும்

'இந்த வயசுல போய் யுகுலேலேவா?'ன்னு தயங்குறீங்களா? ஹவாய் மன்னர் கலாகாவா கதையைக் கேளுங்க.

1879 ஆகஸ்ட் 23. போர்ச்சுகலோட மதேரா தீவுல இருந்து, கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் ஹொனலூலு வந்துச்சு. அதுல மூணு பேர் மரவேலைக்காரங்க. தோட்ட வேலை முடிஞ்சதும், அவங்க ஊரோட நாலு தந்தி வாத்தியத்தை உள்ளூர் கோவா மரத்துல செஞ்சு வித்தாங்க. அதுதான் யுகுலேலே ஆச்சு.

கப்பல் வந்தப்போ மன்னருக்கு வயசு 42. மிஷனரிகள் எதிர்த்த ஹூலா நடனத்தை மறுபடி சபையேத்தினவர் அவர். இந்தப் புது வாத்தியத்தையும் கத்துக்கிட்டார். 1886-ல, அவரோட 50-வது பிறந்தநாள் விழாவுல, ஹூலாவுக்குத் துணையா யுகுலேலே ஒலிச்சுது.

1893-ல முடியாட்சியே கவிழ்ந்துச்சு, வாத்தியம் நிலைச்சுது. நாற்பதுக்கு மேல ஒருத்தர் ஆசையா கத்துக்கிட்டது, ஒரு நாட்டோட அடையாளமாவே ஆயிடுச்சு. நமக்கு ரெண்டு பாட்டு வந்தா போதாதா?