தைத்த சாக்கும் வெடித்த வெள்ளையும்

இத்தாலிய மருத்துவர் ஆல்பெர்த்தோ புர்ரி 1943இல் துனிசியாவில் போர்க்கைதியானார். டெக்சாசின் ஹியர்ஃபோர்டு முகாமில் சாக்குத்துணியையே கித்தானாக்கி ஓவியம் தீட்டத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் மருத்துவத்திற்குத் திரும்பவில்லை. 1950களில் கிழிந்த சாக்குகளைத் தைத்து, கிழிசலினூடே சிவப்பு தெரிய வைத்தார். பிளாஸ்டிக்கைத் தீயால் உருக்கினார். பின்னர், துத்தநாக வெள்ளையைப் பசையோடு குழைத்துக் கனமாகப் பூசி, உலர்கையில் தானே வெடிக்க விட்டார். அவ்வெடிப்பின் போக்கில் ஓவியரின் கைக்குப் பாதி உரிமையே உண்டு.

சாக்குகளில் பலர் காயத்தைக் கண்டனர்; நாமும் அவ்வாறே கண்டோம். அவரோ, வடிவமும் வெளியுமே தம் நாட்டம் என்றார். ஆயினும், 1968 நிலநடுக்கத்தில் அழிந்த சிசிலியின் ஜிபெல்லினாவை அவர் வெண்சிமெண்டால் மூடியபோது, பழைய தெருக்களே வெடிப்புகளாயின. 1984இல் தொடங்கிய அப்பணி, அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப்பின், 2015இல் நிறைவுற்றது. அவ்விடுக்குகளில் இன்று மனிதர் நடக்கின்றனர். அங்கும் வெறும் வடிவமே என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.