கடைப் பொம்மை வந்த பிறகு

சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அடோல்ஃப் வால்சர் என்றொரு புத்தக பைண்டர் இருந்தார். பைண்டிங் வேலையோடு ஒரு கடையும் நடத்தினார். காகிதம், எழுதுபொருள், சில்லறைச் சாமான்கள், கூடவே குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஏழாவதாக 1878இல் பிறந்த ரோபர்ட் வால்சர்தான் பிற்காலத்தில் காஃப்கா விரும்பிப் படித்த எழுத்தாளர். அண்ணன் கார்ல் வால்சர் பெர்லினில் பெயர் எடுத்த ஓவியர், நாடக மேடை வடிவமைப்பாளர். பொம்மைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்றால் தெருப்பிள்ளைகளுக்குப் பொறாமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வியாபாரம் நொடித்துப்போனது. மேற்கொண்டு படிக்கவைக்க வசதியில்லாததால் 1892இல், 14 வயதில், ரோபர்ட் பீலிலேயே ஒரு வங்கிக் கிளையில் வேலை பழகச் சேர்ந்தார். நெடுநாள் மனச்சோர்வில் கிடந்த தாய் 1894இல் இறந்தார்.

அந்தக் கடையில் என்ன பொம்மைகள் இருந்தன என்பதற்குப் பட்டியல் எதுவும் வேண்டியதில்லை. அக்காலத்தில் ஐரோப்பியக் கடைகளை நிரப்பியவை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்த சரக்குகள். நூரம்பர்க்கின் தகரப் பொம்மைகள், தூரிங்கியா மலைப்பகுதியில் உள்ள சோன்னபெர்க்கின் காகிதக்கூழ் பொம்மைகள், பீங்கான் தலை வைத்த பெண் பொம்மைகள். இவற்றைத் தொழிற்சாலைப் பொம்மைகள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் சோன்னபெர்க் பொம்மைகளில் பெரும்பகுதி குடிசைத் தொழில்தான். ஒரு வீட்டில் கை கால் வார்ப்பார்கள், இன்னொரு வீட்டில் கண் எழுதுவார்கள், மூன்றாவது வீட்டில் சட்டை தைப்பார்கள். பிள்ளைகளும் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். கூலி அற்பம். ஆக, கடையில் வாங்கிய பொம்மையும் கையால் செய்ததுதான். செய்த கை யாருடையது என்பது வாங்கியவருக்குத் தெரியாது, அவ்வளவே வித்தியாசம்.

பீல் மக்களுக்கும் கைவேலை புதிதல்ல. ஜூரா மலையடிவாரத்தில் ஏரியை ஒட்டிய இந்த ஊர் கைக்கடிகாரத் தொழிலால் வளர்ந்தது. பிற்காலத்தில் ஒமேகா என்று பெயர் பெற்ற நிறுவனம் 1880இல் இங்கே குடியேறியது. ஜூராவிலிருந்து பிரெஞ்சு பேசும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து இறங்க, ஜெர்மன் ஊரான பீல் இருமொழி ஊராயிற்று. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கப் பல்சக்கரம் பொருத்துகிறவருக்குக் கைவேலை என்றால் கூலி. கூலி காசாக வந்தபோது, பிள்ளைக்கு வேண்டியதைக் கடையில் வாங்கும் பழக்கமும் கூடவே வந்தது.

அதற்கு முன் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? மாட்டின் கணுக்கால் எலும்புதான் அவர்களுக்கு மாடு. கிளை பிரியும் இடத்தில் மரக்கொம்பை வெட்டினால் அதுவும் மாடு, பிரியும் இரண்டு குச்சிகளும் கொம்புகள். பெரிய எலும்பு பசு, சின்னது கன்று. இப்படி ஒரு மந்தையே சேர்த்துவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நுங்கு தின்று மீந்த கூந்தலில் வண்டி செய்வதைப் போலத்தான் அதுவும். யாரும் அதைப் பரிசு என்று சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கும் பொம்மை கண்ணில் படாதவரை, கையால் செய்த பொம்மைக்குத் தனிப் பெருமை கிடையாது. கடைகள் நிரம்பிய பிறகுதான், வாங்க வழியுள்ளவர்களே வாங்காமல் உட்கார்ந்து தைக்கவும் வரையவும் செதுக்கவும் தொடங்கினார்கள். ‘பிள்ளைக்காக நானே செய்தேன்’ என்ற பெருமிதத்தின் வரலாறு அதிகம் போனால் ஒன்றரை நூற்றாண்டுதான்.

துணியில் தைத்த விலங்குகளின் கதையும் அதே காலத்தில், அதே ஜெர்மனியின் தென்பகுதியில் ஆரம்பிக்கிறது. கீங்கன் ஊரில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற தையல்காரி. குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கிக் கால்கள் விளங்காமல் போய், வலது கையும் பலவீனமானவர். 1879இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, கம்பளி ஃபெல்ட் துணியில் சின்ன யானைகள் தைத்தார். ஊசி குத்திவைப்பதற்காகத் தைத்தவை அவை. வேண்டியவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். பெண்கள் ஊசி குத்துவதற்குள் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு விளையாடினார்கள். 1886க்குள் 5,000க்கும் மேற்பட்ட யானைகள் விற்றன. பரிசாகப் பிறந்தது பத்தே ஆண்டுக்குள் சரக்காகிவிட்டது. அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட் ஸ்டைஃப் 1902இல் மோஹேர் பிளஷ் துணியில் கை கால் அசையும் கரடியை வடிவமைத்ததும், அடுத்த ஆண்டு லைப்சிக் சந்தையில் அதற்கு அமெரிக்காவிலிருந்து 3,000 பொம்மைகளுக்கு ஆர்டர் வந்ததும் டெடி கரடியின் தெரிந்த கதை.

சுவிட்சர்லாந்துக்குள் நடந்த ஒரு நிகழ்ச்சி இதைவிடச் சுவையானது. 1905ஆம் ஆண்டு கேதே குரூசே என்ற முன்னாள் நடிகை குழந்தைகளோடு தெற்கே அஸ்கோனாவில் தங்கியிருந்தார். மூத்த மகள் பொம்மை கேட்டாள். பெர்லினில் இருந்த, பின்னாளில் கணவரான சிற்பி மாக்ஸ் குரூசேவுக்கு எழுதினால், கடைப் பொம்மைகள் அசிங்கம், வாங்கித் தர மாட்டேன், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்தார். நடுவில் மணலைக் கொட்டி, நான்கு முனைகளையும் முடிந்து கை கால் ஆக்கினார். தலைக்கு ஓர் உருளைக்கிழங்கு, கண்ணுக்கும் வாய்க்கும் எரிந்த தீக்குச்சியின் கரி. பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு தூங்கியது. கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? அதற்குப் பிறகு வந்த ஐந்தாண்டு முழுக்கக் கெட்டுப்போகாத தலைக்கான தேடல்தான். 1910இல் பெர்லினின் டீட்ஸ் பேரங்காடி, வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. கடைக்காரரே கடைப் பொருளுக்கு எதிரானதைக் காட்சிக்கு வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வியாபாரம் எதையும் விடாது. குரூசேயின் பொம்மைகள் அங்கே பேர் வாங்கின. அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு ஆர்டர். 1925இல் தன் பொம்மையைக் காப்பியடித்த பிங் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்து ஜெயித்தார். பொம்மையும் ஒரு படைப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முன்னோடித் தீர்ப்பு அது.

பீலில் பிறந்த ரோபர்ட் வால்சரும் கையால் ஒரு பரிசு செய்தார். துணியிலோ மரத்திலோ அல்ல. 1902 வாக்கில், தங்கை ஃபானிக்காக ஒரு சின்ன நாடகத்தை எழுதி அந்தக் கையெழுத்துப் பிரதியை அவரிடமே கொடுத்தார். பெயர் ‘குளம்’. தாய்க்குத் தன்மேல் பாசமில்லை என்று நினைக்கும் சிறுவன் ஒருவன், குளத்தில் மூழ்கிச் செத்ததாக நாடகமாடி அம்மாவைச் சோதிக்கிறான். வால்சர் சுவிஸ் ஜெர்மன் பேச்சுவழக்கில் எழுதிய ஒரே படைப்பு அதுதான். அதாவது வீட்டு மொழியில், வீட்டு ஆளுக்காக எழுதியது. தங்கை அதைப் பல பத்தாண்டுகள் வெளியே காட்டவில்லை. அச்சில் வந்தது 1972இல். இன்று ஐரோப்பிய மேடைகளில் நடிக்கப்படுகிறது. அச்சுக்கென்று எழுதியிருந்தால் அந்த அம்மா அவ்வளவு உண்மையாக வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

1913இல் வால்சர் பெர்லினை விட்டுப் பீலுக்கே திரும்பினார். மதுவிலக்குச் சங்கத்தாரின் புளூ கிராஸ் ஹோட்டலில் மாடி அறை, கையில் காசில்லை. அக்காள் லீசா ஆசிரியையாக இருந்த பெல்லலே மனநல மருத்துவமனையில் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஃப்ரீடா மெர்மெட் என்ற தோழி அவருக்குத் தின்பண்டப் பொட்டலங்கள் அனுப்பினார், கிழிந்த காலுறைகளைத் தைத்துக் கொடுத்தார். பதிலுக்கு வால்சர் அனுப்பியவை கடிதங்கள். அவை இப்போது புத்தகமாகக் கிடைக்கின்றன. தைத்த காலுறைகள் இல்லை.

அந்த நாள்களில்தான் பீலோடு தொடர்புள்ள இன்னொரு கதை மியூனிக்கில் நடந்துகொண்டிருந்தது. பீலிலிருந்து பெர்ன் போகும் ரயில் பாதையில் மூன்ஷென்பூக்சே என்று ஒரு சிற்றூர் வரும். ஓவியர் பால் கிளே 1879இல் பிறந்த ஊர் அது. கிளேயின் மகன் ஃபெலிக்ஸுக்கு மியூனிக் பழம்பொருள் சந்தையில் நடக்கும் கைப்பாவைக் கூத்து என்றால் உயிர். கடையில் பாவை வாங்கிக் கொடுத்திருக்கலாம். 1916இல், போருக்காகப் படையில் சேர்க்கப்பட்ட அதே ஆண்டு, மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா தன் கையால் எட்டுப் பாவைகள் செய்தார். பிளாஸ்டர் தலைகள், மேலே வர்ணம். கோமாளி காஸ்பெர்ல், அவன் ஜோடி கிரேட்ல், போலீஸ்காரர், முதலை, சாத்தான், மரணம். போர்க்காலத்து ஒன்பது வயதுப் பையனுக்கு அப்பா கொடுத்த விளையாட்டுச் சாமானில் மரணமும் ஒன்று!

1925 வரை கிளே ஏறத்தாழ 50 பாவைகள் செய்தார். கைக்குக் கிடைத்ததெல்லாம் தலையாயிற்று. ஒன்றுக்கு மாட்டெலும்பு. ஒன்றுக்கு மின்சார ப்ளக் பாயின்ட்: இரண்டு ஓட்டைகளும் கண்களாக முழிக்க, அது மின்சாரப் பேய். ஒன்றுக்குத் தீப்பெட்டிகள். 1922இல் செய்த ஒன்று கிளேயே. பெரிய கண்கள் விரிய நம்மைப் பார்க்கிறது. மேடையைப் பழைய படச்சட்டங்களைக் கொண்டு அடித்தார். பௌஹௌஸ் கலைப்பள்ளிக்குக் கிளே ஆசிரியராகப் போனபோது ஃபெலிக்ஸ் அங்கே கூத்து நடத்தி, அப்பாவின் சக ஆசிரியர்களைக் கிண்டலடித்துச் சிரிக்கவைத்தார். வளர்ந்து நாடக இயக்குநரும் ஆனார். 1945 மார்ச்சில் வுர்ட்ஸ்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கிருந்த முதல் தொகுதிப் பாவைகளும் அழிந்தன. அவற்றில் மிஞ்சியது மரணம் மட்டுமே. மொத்தத்தில் 30 பாவைகள் இன்று பெர்னிலுள்ள பால் கிளே மையத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

கணக்கு வைப்பதில் கிளேயைப் போல ஒழுங்கான ஓவியர் அரிது. 9,000க்கும் மேற்பட்ட படைப்புகளுக்குத் தன் கையாலேயே எண் போட்டுப் பட்டியல் வைத்தவர். அந்தப் பட்டியலில் பாவைகளுக்கு இடமில்லை. அவை மகனுடையவை, படைப்பல்ல என்பது அவர் எண்ணம்போலும்.

முதல் பாவைகளுக்குச் சட்டை தைத்தவர் ஒரு பெர்ன் இளம்பெண், சாஷா ஃபான் சின்னர். அவருடைய அம்மா வீட்டில் நடந்த இசைக் கூட்டங்களுக்கு வயலினோடு வந்துபோன கிளே, பெண்ணின் கை நேர்த்தியைப் பார்த்துக் கலை படிக்கச் சொன்னார். ஜெனீவாவில் படித்து, ஓவியர் கூனோ அமியேயிடம் பழகி, அங்கே சந்தித்த ஓவியர் எர்ன்ஸ்ட் மோர்கென்தாலரை 1916இல் மணந்தார். (எர்ன்ஸ்டின் அண்ணன் வால்டர் மோர்கென்தாலர் மனநல மருத்துவர், 1929இல் ரோபர்ட் வால்சரை வால்டாவ் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தவர். பெர்ன் மாநிலம் சின்ன உலகம்.) மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்காகச் சாஷா துணி விலங்குகளும் பொம்மைகளும் செய்தார். வீட்டுக்காகத் தொடங்கியது 1940களில் சூரிக்கில் முழுநேர வேலையானது.

சாஷா பொம்மையை உற்றுப் பார்த்தால் முதலில் உறுத்துவது அது சிரிக்காமல் இருப்பது. உதடு மூடியிருக்கிறது. முகத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இல்லை. அழுத பிள்ளை தூக்கிப் பார்த்தால் பொம்மையும் சோகமாகத் தெரியும், சந்தோஷமாக இருந்தால் சந்தோஷமாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. எந்நேரமும் பல்லைக் காட்டும் பொம்மை பிள்ளையின் துக்கத்தைக் கேலி செய்கிறது என்றே அவர் நினைத்தார். தோல் நிறம் இளம் பழுப்பு, எந்த இனத்துக்கும் சொந்தமாகாதது. தலையில் நிஜ முடி. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததால் விலை ஏறியது. சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பொம்மையால் என்ன பயன் என்று 1960களின் நடுவில் ஜெர்மனியின் கோட்ஸ் நிறுவனத்துக்கும் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட்டிலிருந்த ஓர் ஆலைக்கும் அச்சுகளைக் கொடுத்தார். வினைலில் வார்த்த சாஷா பொம்மைகள் 1986 வரை அங்கே வந்தன. 1975இல் சாஷா இறந்தார்.

அந்த முடிவைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. சேகரிப்பாளர்கள் சூரிக் பட்டறையில் செய்ததைத்தான் அசல் என்பார்கள். ஆனால் ஆலைக்குக் கொடுத்த சாஷா, பொம்மை பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர். கண்ணாடி அலமாரிக்குள் வைக்கத் தைத்தவரல்ல. குரூசே பொம்மையும் ஸ்டைஃப் கரடியும் இன்று ஏலத்தில் போகிற விலையைப் பார்த்தால், ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்தச் செய்த பொருள்கள்தானா இவை என்று தோன்றும்.

கையால் செய்ததெல்லாம் ஏலம் வரை போவதில்லை. பீல் ரயில் நிலையத்தின் எதிரே 2019 கோடையில், கலைஞர் தாமஸ் ஹிர்ஷ்ஹோர்ன் ரோபர்ட் வால்சருக்காகச் சரக்குக் கட்டைகளாலும் ஒட்டுநாடாவாலும் ஒரு பெரும் மேடை கட்டினார். ஊர்மக்கள் வந்து படித்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். கோடை முடிந்ததும் அதைப் பிரித்துவிட்டார்கள்.

பீலிலும் பெர்னிலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. பீலிலிருந்து பெர்னுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். பால் கிளே மையத்திலேயே பிள்ளைகள் கையால் ஏதாவது செய்து பார்க்கும் பட்டறையும் உண்டு, கூட்டிப்போகலாம். இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. அம்மம்மா பழைய சேலையில் தைத்த துணிப் பொம்மையோ, அப்பா கிறுக்கிக் கொடுத்த படமோ வீட்டில் இருந்தால், யார் யாருக்காக, எந்த ஆண்டு செய்தது என்று ஒரு மூலையில் எழுதி வையுங்கள். தமிழ் வீட்டுப் பொம்மைகளுக்கு இதுவரை யாரும் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை.