மாமையும் மாநிறமும்

குறுந்தொகை வகுப்பில் பசலை என்னும் சொல்லுக்கு வரும்போதெல்லாம் நமக்கு ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. பிரிவினால் தலைவியின் மேனி தன் நிறம் இழந்து வெளிறிப் போதல் என்று விளக்கி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் யாரேனும் மெல்லச் சிரிப்பர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து நின்றே கேட்டுவிட்டாள்: "ஐயா, வெளுத்துப் போனதற்கா இவள் அழுகிறாள்?" வகுப்பு முழுவதும் சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. அவள் நல்ல கறுப்பு.

அன்றைக்கு நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் கேள்வியைச் சற்று விரிவாகத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பசலை என்பது இன்று நாம் சொல்லும் 'சிவப்பு' அன்று, வெண்மையும் அன்று. பீர்க்கம்பூவை ஒத்த, உயிர்ப்பற்ற வெளிறிய மஞ்சள். ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி கை பட்டால் விலகிக் கை எடுத்தால் மீண்டும் மூடுவதைப் போல, காதலன் தொட நீங்கித் தொடாதபோது பரவும் ஒன்றாகக் குறுந்தொகை அதனைக் காட்டுகிறது. வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பசலை உண்டு தீர்த்த அழகு எது என்று கேட்டால் சங்கப் பாடல்கள் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: மாமை. உரைகாரர்கள் அதனை மாந்தளிரின் நிறம் என்பர். பழுப்பும் கருமையும் செம்மையும் கலந்து, ஈரம் காயாத தளிரில் ஒளி படும்போது தோன்றும் நிறம் அது. நற்றிணையில் பரணர் இன்னும் நுட்பமாக, நீரில் வளர்ந்த ஆம்பல் தண்டின் நாரை உரித்தால் உள்ளே தெரியும் நிறத்தை மாமைக்கு உவமை ஆக்குகிறார். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஈரமும் மென்மையும் உள்ளிருந்து வரும் பளபளப்பும். நிறத்தின் ஆழத்தை அளக்கும் எண்ணமே அங்கில்லை.

சுணங்கையும் திதலையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்ணின் மேனியில் தோன்றும் தேமலும் புள்ளியும் வேங்கைப் பூவாகவும் கோங்கின் தாதாகவும் கொண்டாடப்பட்டன. இன்று அவற்றை நீக்குவதற்கென்று தனியே களிம்பு விற்கிறார்கள்.

பூச்சும் புனைவும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் ஊடிய கோவலனைக் கூட்டுவிக்க மாதவி நீராடுகிறாள். அந்த நீரே ஒரு மருந்துக்கடை. துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு என்று இளங்கோ கணக்கிட்டுச் சொல்ல, அடியார்க்கு நல்லார் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விரித்துரைக்கிறார். துவர் பத்தில் கடுக்காய், நெல்லி, தான்றி, நாவல், கருங்காலி, ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியன அடங்கும். விரை ஐந்தில் கோட்டமும் அகிலும் சந்தனமும் வரும். வாசகர்கள் பெரும்பாலும் இப்பட்டியலைக் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால் துவர்ப்பட்டைகளின் வேலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். துவர்ப்புப் பொருள் தோலைச் சுருங்கச் செய்து இறுக்கும். எண்ணெய்ப் பிசுக்கைக் குறைக்கும். விரை மணம் தரும். முகத்தைத் துடைக்கப் பஞ்சில் நனைத்துக் கொள்ளும் 'டோனர்' என்னும் நீர்மங்கள் பலவற்றின் பழைய இலக்கணமும் இதுவே. மாதவியின் நாற்பத்தேழு சரக்குகளுள் நிறத்தை மாற்றுவதற்கென்று எதுவும் குறிக்கப்படவில்லை. நாற்றமும் குளிர்ச்சியும் மினுக்கமுமே அவள் தேடியவை.

துவர் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: சிவப்பு, பவளம். துவர்வாய் என்றால் பவளம் போன்ற வாய். அந்தச் சிவப்பு இதழுக்கு எங்கிருந்து வந்தது? பிறப்பில் வந்தது போக, எஞ்சியது வெற்றிலையிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. கொலைக்களக் காதையில் கோவலனுக்குக் கண்ணகி கடைசியாகக் கொடுப்பதும் வெற்றிலையும் பாக்குமே. பச்சை இலையும் பழுப்புப் பாக்கும் வெள்ளைச் சுண்ணாம்பும் சேர்ந்து செக்கச்செவேல் என்று ஆவது சிறுவயதில் நமக்குப் பெரிய மாயமாகத் தோன்றியது. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் மாறிச் சிவப்பதே அதன் சூத்திரம். ஆக, துவர் துவராயிற்று. நூற்றாண்டுகளாகத் தமிழரின் உதட்டுச் சாயம் இதுதான். ஆண்களும் அணிந்த சாயம் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தப்பட்டது.

உதட்டைக் காப்பது வேறு, சிவக்க வைப்பது வேறு. உதட்டுத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. மேற்படலமும் மிக மெல்லியது. ஆகையால்தான் மார்கழிக் காற்றில் கன்னத்திற்கு முன் உதடு வெடிக்கிறது. நாவால் நனைத்தால் அந்த ஈரம் உலரும்போது உள்ளிருப்பதையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் வீடுகளில் இதற்கு நெய்யோ வெண்ணெயோ போதுமானதாக இருந்தது. விளக்கு வைத்த பின் உறியிலிருந்த நெய்யை ஒரு விரலில் தொட்டு, பிள்ளைகள் எல்லோருடைய உதட்டிலும் வரிசையாகத் தடவிக்கொண்டு போவார் எம் தாயார். இன்று குப்பியில் வரும் உதட்டுக் களிம்பிலும் தேன்மெழுகோ வேறொரு கொழுப்போதான் அதே வேலையைச் செய்கிறது.

சிவப்பின் கதையில் சென்னைக்கு ஒரு வியப்பான பங்குண்டு. உதட்டுச் சாயங்கள் பலவற்றில் இன்றும் சேரும் கார்மைன் என்னும் சிவப்பு, சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் கோச்சினீல் என்ற சிறு பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் சரக்கை ஸ்பெயின் நெடுங்காலம் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. 1786இல் சென்னையில் கும்பினியின் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்குள்ள புல்லில் அத்தகைய பூச்சியைக் கண்டுவிட்டதாக மகிழ்ந்து லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அது உண்மையான சாயப்பூச்சி அன்று என்று பின்னர்த் தெரிந்தது. ஆயினும் மனம் தளராமல் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். பூச்சிக்கு உணவு ஆயத்தம், பூச்சிதான் வரவில்லை. 1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததும் மட்டமான காட்டு வகையே. அது சாயத்தைக் கொடுத்ததைவிடக் கள்ளியைத் தின்றதே மிகுதி. அடுத்த நூற்றாண்டில் தென்னாட்டில் புதராய் மண்டியிருந்த ஒருவகைக் கள்ளியை அழிக்க அதையே பயன்படுத்தினார்கள். களையைப் பூச்சியால் ஒழித்த முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக அறிவியலார் இதனைக் குறிக்கின்றனர். ஆண்டர்சன் கனவு கண்டது துணிச் சாயத்துக்காகத்தான், உதட்டுக்காக அன்று. என்றாலும், அலத்தகம் என்று நம் இலக்கியம் சொல்லும் செம்பஞ்சுக் குழம்பும் மரக்கிளையில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சியின் சிவப்பே. மாதவி அடியில் ஊட்டியதும் இன்றைய மங்கை இதழில் தீட்டுவதும் உறவுக்காரப் பூச்சிகளின் கொடை என்பதை எண்ணும்போது ஒரு புன்னகை அரும்பத்தான் செய்கிறது.

இனி மஞ்சள். சமையலுக்கு விரலி மஞ்சள், பூச்சுக்குக் குண்டு மஞ்சளும் கத்தூரி மஞ்சளும் என்று பிரித்தறியாத வீடு அன்று இல்லை. ஆற்றுத்துறைப் படிகளிலும் கிணற்றடிக் கற்களிலும் தலைமுறை தலைமுறையாக உரைத்து உரைத்து விழுந்த குழிகளை இன்றும் காணலாம். ஈண்டு ஒரு முரண் உண்டு. துயரால் மஞ்சள் பூத்தால் பசலை. கிழங்கை உரைத்துப் பூசினால் மங்கலம். மேனியின் மஞ்சளைக் கண்டு வருந்திய மொழியே பின்னாளில் மஞ்சள் முகத்தை வாழ்த்தியது. ஆனால் அந்த வாழ்த்து எல்லோருக்கும் உரியதாக இல்லை. கணவனை இழந்தவள் அந்தக் கிழங்கைத் தொடக்கூடாது. அதனால் பூச்சு என்பது அழகுக்காக மட்டும் இருந்ததில்லை. யார் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைத் தெருவுக்கு அறிவிக்கும் பலகையாகவும் இருந்தது. பழையன அனைத்தும் இயற்கை, எனவே நல்லன என்று எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது நமக்கு வருத்தமே.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஸ்நோவும் கிரீமும் இந்தக் கட்டுகளுக்கு வெளியே இருந்தன என்பதே அவற்றின் முதல் கவர்ச்சி. பாண்ட்ஸ் நிறுவனத்தின் கதை சுவையானது. 1846இல் அமெரிக்காவில் அது தொடங்கியது ஒரு துவர்ச் சாற்றோடு. விட்ச் ஹேசல் என்னும் செடியின் பட்டையும் குச்சியுமே மூலப்பொருள். அடியார்க்கு நல்லார் கண்டிருந்தால் பதினொன்றாம் துவர் என்று குறித்திருப்பார். பின்னர் வந்தது 'மறையும் கிரீம்'. ஸ்டியரிக் அமிலத்தைச் சிறிது காரத்தோடு நீரில் கலந்து செய்வது. தேய்த்ததும் எண்ணெய்ப் பசை தெரியாமல் தோலில் மறைந்துவிடும். நம்மவர் அதன் வெண்மை கண்டு ஸ்நோ என்றனர். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அந்நிறுவனத்துக்கு ஆலையும் இருந்தது. 1998இல் நிறுவனம் இந்துஸ்தான் லீவரோடு இணைந்துவிட்ட போதிலும், அங்குள்ள நிறுத்தத்துக்கு மக்கள் நாவில் பாண்ட்ஸ் என்பதே பெயர்.

மாமையின் மீது முதல் அடி விழுந்தது இந்த மறையும் கிரீமால்தான் என்பது நம் கருத்து. பளபளப்பு என்பதன் பொருளே அப்போது மாறிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்த முகம் செழிப்பின் அடையாளமாக இருந்தது போய், 'எண்ணெய் வழியும் முகம்' வசையாயிற்று. மினுங்கும் தோல் நாட்டுப்புறம், உலர்ந்து பொடி பூத்த தோல் நாகரிகம். மினுக்கம் தாழ்ந்த பிறகு எஞ்சியது நிறம் மட்டுமே. 1975இல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தபோது நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது. கறுத்த பெண்ணுக்கு வரன் இல்லை, வேலை இல்லை. பூசினாள், கிடைத்தன என்பதே விளம்பரக் கதை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து எதிர்த்ததன் பின் 2003இல் நடுவண் அரசு அத்தகைய இரண்டு விளம்பரங்களைத் தொலைக்காட்சியிலிருந்து நிறுத்தியது. 2009இல் சென்னையிலிருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் நிறுவனமே பெயரிலிருந்த ஃபேரை நீக்கிக் குளோ அண்ட் லவ்லி என்று மாற்றியது. குளோ என்றால் மினுக்கம். சுற்றிச் சுற்றி மாந்தளிருக்கே வந்துவிட்டார்கள் போலும்! பெயர் மட்டிலாவது.

ஆனால் சொல் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். 'மாநிறம்' என்று ஒரு சொல் வரும். மாமையில் உள்ள 'மா'தான் அதிலும் உள்ளது. சங்கப் புலவன் தலைவியின் பேரழகைச் சொல்ல எடுத்த சொல்லின் பேரன் அது. இன்று பெண்ணின் தந்தை அதைத் தயங்கி எழுதுகிறார். கறுப்பு என்று எழுத மனம் வராமல், சிவப்பு என்று பொய் சொல்லவும் துணிவின்றி, இடையில் ஒதுங்கும் திண்ணையாக அச்சொல் பயன்படுகிறது. அன்று அந்த மாணவிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். நமக்கு அப்போது தோன்றவில்லை. அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள்.

எம் தாயாரும் மாநிறம்தான். தந்தையார் மறைந்த பத்தாம் நாளுக்குப் பின் கிணற்றடிக் கல்லில் அவர் மஞ்சள் உரைக்கவில்லை. யாரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் அந்தக் குழியில் மழைநீர் மட்டும் தேங்கி நின்றது. சென்ற கோடை விடுமுறையில் எம் மகள் முகப்பரு போக்குவதற்கென்று எங்கோ படித்துவிட்டுக் கடையிலிருந்து கத்தூரி மஞ்சள் வாங்கி வந்து அதே கல்லில் உரைத்தாள். கையில் மிஞ்சியதை, பக்கத்தில் முறத்தோடு அமர்ந்திருந்த பாட்டியின் கன்னத்தில் விளையாட்டாய்த் தடவிவிட்டாள். நாம் வாசற்படியிலேயே நின்றுவிட்டோம். தாயார் கையை ஓங்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. "இந்தப் பக்கமும் பூசு, ஒரு கன்னம் மட்டும் மஞ்சளா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.