ஒற்றை ஸ்விட்சும் குழந்தைகளின் இணைய விளையாட்டும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கைச் சொல்லுமிடத்து, விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். ஐக்கிய நாடுகள் அவை அவ்விடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் விளையாட்டை உரிமை என்றது. அதில் எல்லாக் குழந்தைகளும் அடங்குவர் என்றே நாம் எண்ணுவோம். ஆயினும் 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எழுதியவர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளோடு சமமாக விளையாட்டில் பங்குபெற வேண்டும் என்று 30ஆம் பிரிவில் தனியே எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்துரைக்க நேர்ந்ததன் காரணத்தை, இங்கிலாந்தில் வளர்ந்த ஒரு சிறு மரபின் வழியே பார்க்கலாம். உடலால் ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்தக்கூடிய குழந்தைகளுக்காக இணையத்தில் ஆக்கப்பட்ட விளையாட்டுகளின் கதை அது. கணினி நமக்குப் புறத்திணைதான். தெரிந்த அளவில் சொல்கிறோம்.

இதன் வேர் கணினியில் இல்லை. 1960இல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு கைகால் அசையாத நோயாளிகளுக்காக ரெக் மாலிங் என்பவர் ஒரு பொறி செய்தார். குழாயில் ஊதியும் உறிஞ்சியும் தட்டச்சுப் பொறியை இயக்கலாம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் 'பாசம்' என்று அழைத்தனர். இலத்தீனில் அச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்பது பொருள். (நம் 'பாசம்' வேறு, இருந்தாலும் ஒலியொப்புமை மகிழ்ச்சி தரத்தான் செய்கிறது.) மிகக் குறைந்த சைகையைக் கொண்டு பலவற்றுள் ஒன்றைத் தேர்வது என்னும் கருத்து இங்கே உருப்பெற்றது. 1989இல் நிண்டெண்டோ நிறுவனம், மோவாயாலும் மூச்சாலும் இயக்கத்தக்க ஒரு கருவியைத் தன் விளையாட்டுப் பெட்டிக்கென விற்றதும் அவ்வழிப்பட்டதே.

குழந்தைகளுக்கான ஸ்விட்ச் இன்னும் எளியது. உள்ளங்கையளவுள்ள வட்டமான பிளாஸ்டிக் பொத்தான். கை வராவிட்டால் தலைக்கருகிலோ முழங்காலுக்கருகிலோ பொருத்துவர். அதிலிருந்து ஒரு கம்பி. அதன் முனையில் 3.5 மில்லிமீட்டர் செருகி. இடையில் ஒரு சிறு பெட்டி இருந்துவிட்டால், அழுத்துந்தோறும் இடைவெளிப் பட்டையை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஆக, விளையாட்டை ஆக்குபவன் செய்யவேண்டியது, சுட்டியில்லாமல் இடைவெளிப் பட்டை ஒன்றாலேயே ஆடும்படி அதனை அமைப்பது.

பிபிசி 2002இல் சீபீபீஸ் என்னும் குழந்தைகள் அலைவரிசையைத் தொடங்கியது. மறு ஆண்டு அதில் வந்த 'சம்திங் ஸ்பெஷல்' நிகழ்ச்சி, மக்கட்டன் கைச்சைகைகளைப் பேச்சோடு சேர்த்துக் காட்டிற்று. அந்நிகழ்ச்சியைச் சார்ந்தவை உட்பட ஸ்விட்ச் விளையாட்டுகள் பல சீபீபீஸ் தளத்தில் இடம்பெற்றன. தொடக்க நிலையில் விதி ஒன்றுதான்: அழுத்து, ஏதேனும் நிகழும். பந்து துள்ளும், கோமாளி சிரிப்பான். தன் செயலால் உலகில் ஒன்று மாறுகிறது என்பதைக் குழந்தை அறிவது அங்கேதான். அடுத்த நிலையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும்; வேண்டியது ஒளிரும்போது அழுத்த வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியதே அதுதான். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு, அழுத்தவேண்டும் என்று எண்ணுவதற்கும் கை சென்று சேர்வதற்கும் இடையே கணிசமான நேரம் கழியக்கூடும். ஒளி விரைந்து நகர்ந்தால் குழந்தை ஆப்பிளைக் குறிவைக்கிறது, விடையோ அடுத்த படமான வாழைப்பழத்தில் விழுகிறது. பத்து முறையும் அப்படியே. அருகிலிருக்கும் பெரியவர், "பிள்ளைக்குப் புரியவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். பிழை ஒளியின் வேகத்தில் இருக்க, தீர்ப்பு குழந்தையின் அறிவின்மீது எழுதப்படுகிறது. வேகத்தை மாற்றிக்கொள்ள இடம் தருவதும், ஒரு ஸ்விட்சால் நகர்த்தி மற்றொன்றால் தேரும் முறையைத் தருவதும் இதனாலேயே இன்றியமையாதன ஆயின.

அக்காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபிளாஷ் மென்பொருளில் ஆனவை. அதன் 6ஆம் பதிப்பு 2002இல் திரைவாசிப்பான்களோடு பேசக் கற்றது. அதுவும் விண்டோஸில் மட்டும். படைப்பவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதினால்தான் பார்வையற்ற குழந்தைக்கு அது கேட்கும். எழுதியவர் சிலரே. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பல உலாவிகளில் ஃபிளாஷ் சட்டத்துக்குள் விசைப்பலகை வழி நுழைய இயலாது. முதலில் ஒருமுறை சுட்டியால் சொடுக்க வேண்டும். சுட்டியைத் தொட முடியாதவருக்காகச் செய்த விளையாட்டின் வாசலிலேயே சுட்டி காவல் நின்றது! சில இடங்களில் நுழைந்தபின் வெளியேற வழியில்லை. இணைய அணுகல் நெறிகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, விசைப்பலகைப் பொறியில் பயனரைச் சிக்கவைக்கலாகாது என்று ஒரு தனி விதியே வகுத்தது.

சீபீபீஸ் விளையாட்டுகளில் பணிபுரிந்த இயன் ஹாமில்டன் முதலியோர், 2012இல் விளையாட்டுகளுக்கென்றே அணுகல் வழிகாட்டு நெறிகளைத் தொகுத்து வெளியிட்டனர். 2013இல் ஆப்பிளின் ஐபேடும் ஸ்விட்ச்சை ஏற்றது. மரபு தழைக்கும் என்றே தோன்றியது.

ஆனால் ஃபிளாஷுக்கு முடிவு வந்தது. 2017 ஜூலையில் அடோபி அறிவித்தபடி 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அம்மென்பொருளே தன்னுள் விளையாட்டுகள் ஓடுவதைத் தடுத்தது. மறுபடி எழுதப்பட்டவை பிழைத்தன. ஏடு பெயர்த்தெழுதுவோர் இல்லாமல் நூல்கள் அழிந்த கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் நமக்கு இது புதிதன்று. பெயர்த்தெழுதுகையில் எண்ணிக்கையே பேசும். கோடிப் பேர் ஆடியதற்கு முதலிடம், சில ஆயிரம் குழந்தைகள் ஆடியதற்குக் கடையிடம். புதிதாக வந்த எச்டிஎம்எல் 5 முறையிலும், கான்வாஸ் எனப்படும் பரப்பில் வரைந்த விளையாட்டு, உதவிக்கருவிகளுக்கு வெறும் ஒரு படமாகவே தெரியும். உள்ளிருக்கும் பொத்தான்களைப் படைப்பவர்தாம் தனியே அறிவிக்க வேண்டும். 2002இன் பழைய பிழை வேறு உடையில் வந்து நிற்கிறது.

இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரில் ரஃபிள் என்னும் போலிசெய் மென்பொருளின் துணையோடு பழைய ஃபிளாஷ் படைப்புகளை ஓடவிட்டது. நற்பணிதான். எனினும் அவ்வரிசையில் தேடி, சொடுக்கி, விளையாட்டின் உள்ளே போவதற்குச் சுட்டி பிடிக்கும் கை ஒன்று வேண்டும்.

2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு தகவமைப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதன் முதுகில் 19 துளைகள், எல்லாம் 3.5 மில்லிமீட்டர். இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய ஸ்விட்சும் அதில் சரியாகச் செருகிக்கொள்ளும்.