வீட்டு ஆடுகளத்திலிருந்து உலகத் தரவரிசைக்கு: தமிழகத்தில் தொழில்முறை டென்னிஸ் வேரூன்றிய வரலாறு

டென்னிஸையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, ஆண்டு முழுவதும் நாடுவிட்டு நாடு சென்று ஆடி, பரிசுப் பணத்தையும் தரவரிசைப் புள்ளிகளையும் ஈட்டி முன்னேறும் இளம் ஆட்டக்காரர்கள் ஆசியாவில் மிகப் பிந்தியே தோன்றினர். தமிழகத்தில் அத்தகைய ஆட்டக்காரர்கள் உருவான வரலாற்றை நோக்கினால், சங்கமோ பள்ளியோ அரசோ அல்ல, குடும்பமே அவர்களை முதலில் உருவாக்கிய நிறுவனமாக இருந்தது என்பதும், இத்தொழிலின் சிறப்பும் குறையும் அந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பதும் புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவும் ஜப்பானும் இவ்விளையாட்டில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஜப்பானின் முதல் பெரும் ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஜென்சோ ஷிமிசு, மிட்சுயி வணிக நிறுவனத்தின் அலுவலராகக் கல்கத்தாவில் பணியாற்றியபோது அந்நகரத்துப் புல்தரைகளில் தம் ஆட்டத்தை வளர்த்துக்கொண்டு, 1920இல் விம்பிள்டனில் நடப்பு வாகையரை எதிர்கொள்ளும் உரிமைக்கான இறுதி ஆட்டம்வரை சென்று பில் டில்டனிடம் தோற்றார். அடுத்த ஆண்டு, நாடுகள் அணிகளாக மோதும் டேவிஸ் கோப்பையில், ஜப்பான் சிகாகோவில் இந்தியாவை 5-0 என வென்றது. அக்காலத்தில் இரு நாட்டினருக்கும் டென்னிஸ் ஓய்வுநேர ஆட்டமாக இருந்ததேயன்றி, எவருக்கும் பிழைப்பாக இருக்கவில்லை.

தமிழகத்தில் இந்நிலையை மாற்றும் முயற்சி தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட டி. கே. ராமநாதனின் இல்லத்தில் தொடங்கியது. தாமே சிறந்த ஆட்டக்காரராக இருந்த அவர், 1937இல் பிறந்த தம் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தாமே ஆசானாகி, நாள்தோறும் தவறாத பயிற்சியின் வழியே அவரை வளர்த்தார். அதன் பயனாகக் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். பின்னர் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதே களத்தில் ஆடவர் ஒற்றையர் பிரிவின் அரையிறுதியை எட்டினார்.

எனினும் கிருஷ்ணன் இன்றைய பொருளில் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். அன்றைய விதிகளின்படி பரிசுப் பணம் பெறாமல் ஆடுவோர் 'அமெச்சூர்' எனப்பட்டனர். விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவர்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. பணம் பெற்று ஆடுவோரோ, ஒப்பந்தக் குழுக்களில் சேர்ந்து ஊர் ஊராகக் காட்சி ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. அத்தகைய குழுவை நடத்திய ஜாக் கிரேமர் பெருந்தொகை தர முன்வந்தபோது கிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் நாட்டுக்காக ஆடும் உரிமையை அவர் இழந்திருப்பார். இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பையின் இறுதியை எட்டிய 1966இல், மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையை அவரும் ஜெய்தீப் முகர்ஜியும் வென்ற ஆட்டமும் நிகழ்ந்திராது. 1968இல் இரு பிரிவினரும் ஒரே களத்தில் ஆடலாம் என்ற 'திறந்த' முறை நடைமுறைக்கு வந்தபோது, அவருடைய ஆட்ட வாழ்வின் உச்சக்காலம் கடந்துவிட்டது.

புதிய முறையின் முழுப் பயனையும் பெற்ற முதல் தமிழகத் தலைமுறை அமிர்தராஜ் சகோதரர்களுடையது. ஆனந்த், விஜய், அசோக் ஆகிய மூவரையும் ஆட்டத்தில் ஈடுபடுத்தி ஊக்கியவர்கள் சென்னையில் வாழ்ந்த அவர்களுடைய பெற்றோரே. விஜய் 1973இல், தம் இருபதாவது வயது நிறைவதற்கு முன்பே, விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் காலிறுதியை அடைந்தார். கணினி வழியே புள்ளிகளைக் கணக்கிட்டு ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும் உலகத் தரவரிசை அவ்வாண்டில்தான் தொடங்கியது. அதில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 18.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ், பாட்டனாரும் தந்தையும் அமைத்த அடித்தளத்தின்மீது வளர்ந்து, தந்தை வென்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். பந்தை வலிமையால் அடிப்பதைவிட, அது விழ வேண்டிய இடத்தைத் தேர்ந்து மென்மையாகச் செலுத்தும் கலை இக்குடும்பத்தின் முதுசொம்மாக விளங்கியது. மரமட்டையின் இடத்தைக் கிராஃபைட் மட்டை பிடித்து, வேகமே வெற்றியைத் தீர்மானிக்கத் தொடங்கிய காலத்திலும், ரமேஷ் அக்கலையைக் கைவிடாமல், 1989 ஆஸ்திரேலிய ஓபனில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான மேட்ஸ் விலாண்டரை வென்றார். தலைமுறைகளாகக் கைமாறி வந்த கல்வியின் ஆற்றலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் குடும்பம் தன் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆசானாக இருக்க இயலும். இவ்வெல்லையைக் கடக்க 1980களில் எழுந்த முயற்சியே, பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவுடன் சென்னையில் இயங்கிய அமிர்தராஜ் பயிற்சியகம். அங்குப் பயின்ற லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலத்தையும் வென்றார். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கம் அரங்கில் நடைபெற்ற சென்னை ஓபன், உலக ஆட்டக்காரர்களைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் கோ சொயேடா 2012இல் இங்கு அரையிறுதி ஆடினார்.

பெண்களின் வழியும் பெரும்பாலும் இல்லத்திலிருந்தே தொடங்கியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் தந்தையிடம் பயின்று, 1998 ஆஸ்திரேலிய ஓபனில் வென்றதன் மூலம், திறந்த முறைக் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் என வழங்கும் நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்றின் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் வெற்றிபெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அதே நகரத்து மாயா ராஜேஸ்வரன், 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த போட்டியில், பதினைந்து வயதிலேயே ஜப்பானின் மேய் யமகுச்சியை வென்று அரையிறுதியை எட்டினார்.

ஜப்பான் இக்காலத்தில் வேறொரு வழியைக் கண்டது. மட்சுயே என்ற நகரில் பிறந்த கேய் நிஷிகோரி, மசாகி மொரிட்டா என்பவர் நிறுவிய நிதியின் துணையால் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் பயிற்சிக்குச் சென்று, 2014இல் அமெரிக்க ஓபன் இறுதியை எட்டினார். மறு ஆண்டில் உலகின் நான்காம் இடத்தை அடைந்தார். ஜப்பானில், திறமையைக் கண்டறிந்து செலவை ஏற்கும் பொறுப்பைக் குடும்பத்துக்கு வெளியே உள்ள அமைப்பு ஒன்று பகிர்ந்துகொண்டது.

தமிழகத்தின் சாதனை இதனால் சிறிதும் குறைந்ததாகாது; ஒரு சில இல்லங்கள் இவ்வளவு செய்தது வியப்புக்குரியதே. ஆயினும், மட்டை, பந்து, தரை, ஆசான், பயணம் ஆகிய அனைத்தையும் பெற்றோரே தர வேண்டிய ஆட்டம், அவற்றைத் தர இயலாத வீட்டின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் குழந்தைகளுக்கும் கூர்ந்த கண்ணும் விரைந்த காலும் உண்டு. டி. கே. ராமநாதனைப் போன்ற தந்தை வாய்க்காத அக்குழந்தைகளுக்கு, அவர் தம் மகனுக்குச் செய்ததைச் செய்வதற்கு ஊரும் நாடும் முன்வர வேண்டும் என்பதே இந்த எழுபதாண்டு வரலாறு உணர்த்தும் கடமையாகும்.